ஐந்து கிராமை நம்பி ஒரு வீடு

கேள்வி: பெரிய முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில் பயம் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறதே, என்ன செய்வது?
– ஒரு வாசகர், செகந்திராபாத்

பதில்: பிடித்த கையாலேயே கையெழுத்துப் போடுங்கள்! உங்கள் ஊர்க்காரர் ஒருவர் அப்படித்தான் போட்டார். 2001-ல் ஆல் இங்கிலாந்து பாட்மின்டன் பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்த், கச்சிபௌலியில் பயிற்சி மையம் கட்டப் பணம் போதாமல், குடும்ப வீட்டையே அடமானம் வைத்தார். இறகுப்பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: 16 இறகுகள், ஒரு தக்கை, எடை சுமார் ஐந்து கிராம். அதை நம்பி ஒரு வீடு! அடமானப் பத்திரத்தை நீட்டும்போது யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

2008-ல் அகாடமி திறந்தது. அங்கே பயின்ற சாய்னா நேவால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார், பி.வி. சிந்து 2016 ரியோவில் வெள்ளி வென்றார்.

வீட்டை அடகு வைக்கச் சொல்லவில்லை. தோற்றால் எதை இழப்பீர்கள், அதிலிருந்து எப்படி மீள்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இருட்டில் பூதமாகத் தெரிந்தது தாளில் நாலு வரிக்குள் அடங்கிவிடும். பயம் விலையைத்தான் சொல்லும். வாங்குவதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்றே சொல்லுங்கள்.