மேடத்துக்கு இன்று மூட் இல்லை

எங்கள் வீட்டு நாயின் பெயர் சிங்கம். பெயர் வைத்தவர் என் மாமனார், ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார். பெயரைக் கேட்டதுமே திருடன் ஓடவேண்டும் என்பது அவர் கணக்கு. திருடன் வந்தால் இருவரில் யார் முதலில் ஓடுவார்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. பல்லாவரத்தில் தலைக்கு மேலேயே விமானம் இறங்குகிறது. அதற்குச் சிங்கம் காதைக்கூட அசைக்காது. ஆனால் குக்கர் விசில், விரித்த குடை, சிலிண்டர் உருட்டும் சத்தம், ஈர டவல், நகவெட்டி, இதில் எது வந்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடும்.

பூனைக்கு நாங்கள் பெயரே வைக்கவில்லை. ஒரு மழை நாளில் தானாக வந்து சோபாவில் உட்கார்ந்த தோரணையைப் பார்த்து எல்லோரும் ‘மேடம்’ என்று கூப்பிட ஆரம்பித்தோம். மேடத்துக்கும் பயம் உண்டு, வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிற கூடை பரணிலிருந்து இறங்கினால் போதும், பீரோ மேல் ஏறிவிடுவார். எட்டித் தொட்டால் புறங்கையில் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்.

மாமா இந்த விஷயத்தில் ஒரே கொள்கைக்காரர். “அடியாத மாடு படியாது மாப்பிள்ளை. நாய்க்கு நாமதான் லீடர்னு காட்டணும். ஓநாய்க் கூட்டத்துல அப்படித்தானே?” என்பார்.

ஓநாய்க் கூட்டத்தில் அப்படி இல்லை என்பதுதான் வேடிக்கை. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947-இல் எழுதியது கூண்டு ஓநாய்களைப் பற்றி. ஸ்விட்சர்லாந்தில் பாஸல் மிருகக்காட்சிசாலையில், அடைபட்ட ஓநாய்கள் அதிகாரத்துக்கு அடித்துக்கொண்டதைப் பார்த்து எழுதியது. டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970-இல் தன் புத்தகத்தில் அதைப் பரப்பினார். பிறகு காட்டு ஓநாய்களை வருஷக்கணக்காகப் பார்த்த அவரே, 1999-இல் ‘ஆல்ஃபா’ என்ற பட்டம் பொருந்தாது என்று எழுதிவிட்டார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான்.

இதை மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அப்போ அங்கேயும் அம்மா சொல்றதுதான் நடக்கும்” என்றார்.

பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் சிபாரிசில் சிங்கம் ஒரு செல்லப்பிராணி சலூனுக்குப் போய்வந்தது. சலூன் பெயர் வேண்டாம். மேஜைமேல் நிறுத்தி, கழுத்தில் கயிறு மாட்டி, பெரிய ட்ரையரைப் போட்டிருக்கிறார்கள். மனிதக் காது கேட்பது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு 45,000, பூனைக்கு 60,000-க்கும் மேல். நமக்கு வெறும் இரைச்சலாகக் கேட்பதில் சிங்கத்துக்கு இன்னும் என்னென்ன கேட்டதோ! ஸ்ட்ராபெரி வாசனையோடு வீடு திரும்பிய சிங்கம், அன்றிலிருந்து டவலை எடுத்தாலே நின்ற இடத்தில் மூத்திரம் போனது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று பழமொழி வேறு ஏதோ சொல்கிறது. எங்கள் நடுவீட்டில் நடந்தது இதுதான்.

அதற்குப் பிறகுதான் என் மனைவி ஒரு பயிற்சியாளரை வரவழைத்தாள். சின்னப் பெண். உள்ளே வந்தாள், நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் ஒருக்களித்து உட்கார்ந்தாள், சிங்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அத்தையோடு வெயிலைப் பற்றிப் பேசினாள், காப்பி குடித்தாள். பேச்சு நடுவில் சிங்கம் கட்டிலடியிலிருந்து வெளியே வந்து அவள் குதிகாலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. “இன்னைக்கு இது போதும் ஆன்ட்டி” என்று எழுந்துவிட்டாள்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. “காப்பி குடிக்கவா ஃபீஸு?”

அடுத்த வகுப்பில் நகவெட்டி வந்தது. வெட்டுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. நகவெட்டியைத் தரையில் வைத்தாள். சிங்கம் அதைப் பார்த்த மறுகணம், உப்பு, வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்த சிக்கன் துணுக்கு ஒன்று. நகவெட்டி பைக்குள் போனதும் சிக்கனும் நின்றது. பிறகு நகவெட்டி கொஞ்சம் கிட்டே, மறுபடி சிக்கன். பிறகு அதை வைத்துப் பாதத்தில் ஒரு தொடுதல். பிறகு காற்றில் ஒரு ‘டிக்’ சத்தம். ஒவ்வொன்றுக்கும் கூலி கையோடு கையாக. வரிசைதான் முக்கியம் என்றாள். முதலில் பயப்படும் பொருள், பிறகு தீனி. மாற்றிச் செய்தால் சிக்கனைப் பார்த்தாலே நாய் ஓடும். சின்ன வயதில் காப்பியில் விளக்கெண்ணெய் கலந்து குடிக்கவைக்கப்பட்டவர்கள் இன்னமும் காப்பி டம்ளரைச் சந்தேகமாகப் பார்ப்பதைப் போலத்தான்.

இது நேற்று வந்த நாகரிகமும் இல்லை. 1924-இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற மூன்று வயதுக் குழந்தையை ஏறக்குறைய இப்படித்தான் தேற்றினார். குழந்தை பிடித்ததைச் சாப்பிடும்போது முயல் கூண்டு தூரத்தில் இருக்கும். நாளாக ஆக அருகில் வரும். கடைசியில் பீட்டரே முயலைத் தடவிக்கொடுத்தான். 2016-இல் மார்ட்டி பெக்கர் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர், பயமில்லாத சிகிச்சைக்கென்றே ‘ஃபியர் ஃப்ரீ’ என்று ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார்.

“லஞ்சம் கொடுக்கச் சொல்றீங்க” என்றார் மாமா. “லஞ்சம்னா வேலைக்கு முன்னாடி சார். இது சம்பளம்” என்றாள் அந்தப் பெண். அரசு ஊழியராக இருந்தவருக்கு அதற்குமேல் பேச்சு எழவில்லை.

குக்கர் விசிலுக்கு வேறு வைத்தியம். விசிலைச் செல்போனில் பதிவுசெய்து, கேட்டும் கேட்காத அளவில் போட்டு, கூடவே தீனி. பயம் தெரியவில்லை என்றால் மட்டும் சத்தத்தை ஒரு புள்ளி கூட்டவேண்டும். சிங்கம் மெல்ல மெல்லத் தேறியது. ஆனால் ஒவ்வொரு விசிலுக்கும் மாமா தட்டைக் கழுவிக்கொண்டு வந்து, “சோறாயிடுச்சா?” என்று உட்கார்ந்துவிடுவார். பாவ்லோவ் நாய்களை வைத்து நிரூபித்ததை எங்கள் வீட்டில் ஒரு பி.டி. வாத்தியாரை வைத்தே நிரூபித்தோம்.

நாய் வாய்விட்டுச் சொல்லாது, ஆனால் சொல்லாமலும் இருக்காது என்பதை அந்தப் பெண்தான் காட்டினாள். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, எதிரே தீனி இல்லாதபோது மூக்கை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை. எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்: போதும், விடு. அதற்கும் விடவில்லை என்றால் உறுமல். உறுமியதற்காக அடித்தால் உறுமல்தான் நிற்கும், பயம் நிற்காது. அடுத்த தடவை முன்னறிவிப்பு இல்லாமல் கடி விழும். இதைக் கேட்ட நாள்முதல் வீட்டில் சிங்கம் கொட்டாவி விட்டால் நகவெட்டி பைக்குள் போய்விடுகிறது. நான் கொட்டாவி விட்டால் மட்டும் காய்கறிப் பைதான் கைக்கு வருகிறது.

மேடத்துக்கு வைத்தியம் கூடைதான். பரணிலேயே இருந்து, ஊசி போடும் அன்று மட்டும் இறங்கும் பொருளைக் கண்டு யார்தான் சந்தோஷப்படுவார்கள்? இப்போது அது ஹாலில், கதவு திறந்தபடி, அத்தையின் பழைய நூல் புடவை விரித்து நிரந்தரமாக இருக்கிறது. சாப்பாடும் அதற்குள்ளேயே. மேல்மூடியைக் கழற்றுகிற மாதிரிக் கூடை என்பதால், ஆஸ்பத்திரியிலும் மூடியை எடுத்துவிட்டால் புடவைமேல் உட்கார்ந்தபடியே டாக்டர் பார்த்துவிடுவார். பிடரியைப் பிடித்துத் தூக்குகிற வேலையே இல்லை. குளியலும் இல்லை, ஆரோக்கியமான பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், சீப்பு போதும்.

பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் அதற்கு நம்மேல் நம்பிக்கை கூடும் என்று சஸெக்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்த மாமா, காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்திருந்த மேடத்தைப் பார்த்து விடாமல் கண்ணைச் சிமிட்டினார். மேடத்துக்கு நம்பிக்கை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமிக்கு வரவில்லை. இன்றைக்கும் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல்தான் துணி காயப்போடுகிறார்.

தீபாவளிதான் பெரிய பரீட்சை. காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்தான் பட்டாசு வெடிக்கலாம் என்று அரசு ஆணை போடுகிறது. தெரு அந்த ஆணையைப் படிப்பதில்லை. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியும் டிவியும் ஓடவிட்டு, கட்டிலடியில் ஒரு போர்வை போட்டுவைக்கிறோம். பயம் அதிகமான நாய்களுக்கு மருந்து உண்டு, அதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வாங்கவேண்டும். வெடிக்குப் பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பார்கள், வளராது. அது தானாக வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாகத் தடவலாம்.

மாமாவின் கொள்கை இன்னும் மாறவில்லை, கேட்டால் அடியாத மாடு என்றுதான் ஆரம்பிப்பார். ஆனால் போன வாரம் பேப்பர்மேல் பூனை படுத்திருந்தபோது, மாணவர்களை வெயிலில் முட்டி போடவைத்த அதே மனிதர் குனிந்து, “மேடம், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?” என்று கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன். மேடத்துக்கு அன்று மூட் இல்லை. மாமா பேப்பர் படிக்கவில்லை.

கடைசியாக நகவெட்டி விஷயம். நாய்க்கும் சரி, பூனைக்கும் சரி, பொதுவாக நகம் பதினெட்டு. நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. கறுப்பு நகத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, அவசரப்பட்டால் ரத்தம் வரும், அதன்பின் நம்பிக்கை வராது. அதனால் நுனியை மட்டும், இன்றைக்கு ஒரே ஒரு நகம் வெட்டுங்கள். கூலியைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்க் காப்பி குடியுங்கள். மீதிப் பதினேழும் எங்கேயும் ஓடிப்போய்விடாது, நாயும் ஓடாது.