தொட்டியோடு போனவன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. இருக்கிற ஊர்ச் செடி கண்ணில் படாது. விட்டுவந்த ஊர்ச் செடிதான் வேண்டும். வங்கி உத்தியோகம், மூன்று வருடத்துக்கொரு மாற்றல். வியாதி முற்ற வேறென்ன வேண்டும்?

தஞ்சாவூர்க்காரனை முதலில் ஊட்டிக்குத் தூக்கிப் போட்டார்கள். கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் மேலே. வாடகை வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சியா கொத்துக் கொத்தாக நீலமாய்ப் பூத்துக் கிடந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரிலிருந்து பஸ்ஸில் முருங்கைக் கொம்பு கொண்டுவந்து நட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"சாம்பாருக்கா?"

"ஆமாங்க."

"கீழே மேட்டுப்பாளையத்துல கட்டுக் கட்டா விக்கிறாங்களே" என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

டிசம்பரில் உறைபனி இறங்கியது. அந்த ஊர்த் தோட்டக்காரர்கள் செடிகளின் மேல் மிலார் என்கிற செடியைப் பரப்பி மூடுவார்கள். மூடாததற்கு விடியற்காலையில் தண்ணீர் தெளித்து, வெயில் ஏறுமுன் பனியைக் கரைத்துவிடுவார்கள். நான் தஞ்சாவூர் மூளையைப் பயன்படுத்தி முருங்கைக்கு என் மங்க்கி குல்லாவை மாட்டினேன். எனக்கு ஜலதோஷம் பிடித்தது. முருங்கை போய்ச் சேர்ந்தது.

அடுத்த உத்தரவு இராமநாதபுரம். மூட்டை கட்டும்போதுதான் ஹைட்ரேஞ்சியா மேல் எனக்குக் காதல் பிறந்தது. லாரியில் பீரோவுக்குப் பக்கத்தில் ஆறு தொட்டிகள். வைக்கோல் முழுவதையும் தொட்டிக்குச் சுற்றியதில் பீரோக் கண்ணாடி வத்தலகுண்டைத் தாண்டவில்லை. நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை என்று பூவின் பெயராலேயே பிரித்துவைத்தார்கள். பாலை வழியே தலைவியோடு போனவன் சங்க இலக்கியத்தில் உண்டு. தொட்டியோடு போனவன் நான் ஒருவன்தான்.

ஹைட்ரேஞ்சியா மண்ணைப் பார்த்து நிறம் மாறுகிற செடி. புளிப்பு மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகப் பூக்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் இளஞ்சிவப்பு. "இங்கே ரோஸ் கலர்ல பூக்கும் பாரு" என்று மனைவிக்கு விஞ்ஞானம் சொன்னேன். நான்கே நாளில் பழுப்பானது. அந்த நிறம் நான் படித்ததில் இல்லை.

போர் தண்ணீர் கரித்தது. தொட்டி விளிம்பெல்லாம் உப்புப் பூத்தது. அந்த வீட்டில் பூத்தது அது ஒன்றுதான். விடுவேனா? தள்ளுவண்டியில் நல்ல தண்ணீர் கொண்டுவரும் அம்மாளிடம் கூடுதலாக நாலு குடம் வாங்கினேன். "ரெண்டு பேருக்கு எதுக்கு சார் இம்புட்டுத் தண்ணி?" என்றார். செடிக்கு என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அதில் இருந்த அனுதாபத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை. மதிலுக்கு வெளியே சீமைக்கருவேலம் ஒருவர் தயவும் இல்லாமல் தளதளவென்று நின்றது.

கடைசியாகச் சென்னை, திருவான்மியூர். கடற்கரைக்கு நடக்கிற தூரம். போனதுமே பனைமரம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. இராமநாதபுரத்திலிருந்து பனங்கொட்டை வரவழைத்து வாசலில் வரிசையாகப் புதைத்தேன். பனை காய்க்கப் பத்துப் பதினைந்து வருடமாவது ஆகும், எனக்கு ஓய்வுபெற மூன்றே வருடம் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. நாலு மாதம் கழித்து ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தால் வாசலெங்கும் குழி. மனைவி என் பனந்தோப்பு மொத்தத்தையும் மஞ்சள் போட்டு அவித்துத் தட்டில் வைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, கிழங்கு நன்றாக இருந்தது.

அப்புறம் நர்சரியில் சொன்னதையெல்லாம் வாங்கினேன். உப்புக் காற்று பாதியின் இலை நுனியைக் கருக்கியது. மீதியை 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வாரிக்கொண்டு போனது. எங்கள் தெருவில் தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மறுநாள் கொல்லைக்குப் போனால் செப்டிக் டாங்க் ஓரத்தில் ஒரு வேம்பு இலை உதிர்ந்து, ஆனால் நிமிர்ந்து நின்றது. காக்கை போட்ட விதை. களை என்று நானே இரண்டு தடவை ஒடித்து எறிந்திருக்கிறேன்.

இப்போது அது மாடியைத் தொடுகிறது. மனைவி அதில் கொடி கட்டித் துணி உலர்த்துகிறாள். பகல் முழுக்க அடியில் நல்ல நிழல். அங்கே ஒரே ஒரு ஹைட்ரேஞ்சியாத் தொட்டி வைத்தால் பிழைக்குமா என்று பார்க்கலாம். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.