ட்ராக் 01

4 ஜிபி எம்பி3 பிளேயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தை மரைன் டிரைவில் நடக்கிறவன் இப்போது நான் ஒருத்தனாகத்தான் இருக்கும். மற்ற எல்லோருக்கும் போன் போதும். 2001இல் 5 ஜிபியோடு ஐபொட்டைக் கொண்டுவந்த அப்பிள் நிறுவனமே 2022இல் அதைக் கைகழுவிவிட்டது. எனக்கு இன்னும் இந்த நாலைக் கட்டி மேய்க்கத் தெரியவில்லை.

புதுப் பாட்டு ஏற்றப் போனால் இடமில்லை என்கிறது. எதையாவது அழிக்க வேண்டும். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யில் கை வைக்க ஏலாது. பிடிக்காத பாட்டுகளை அழிக்கலாமென்றால், பிடிக்காததை ஏன் ஏற்றினேன் என்ற விசாரணையிலேயே பின்னேரம் போய்விடும்.

சரி, ஒரே பாட்டு இரண்டு தரம் இருந்தால் ஒன்றை எடுப்போம் என்று மருமகனின் அப்பிள் மடிக்கணினியில் பிளேயரைச் செருகிப் பெயர் போட்டுத் தேடினேன். 'ட்ராக் 01' என்று ஒரு பட்டாளமே வந்து நின்றது. ஒரே பாட்டை இத்தனை தரம் ஏற்றிய மடையனைத் திட்டிக்கொண்டு, ஒன்றை விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் அழித்தேன். இன்டர்நெட் இல்லாமல் சீடியிலிருந்து பாட்டெடுத்தால் எந்த சீடிக்கும் முதற்பாட்டின் பெயர் அதுதானாம். இப்போது என் தொகுப்புகள் எல்லாம் இரண்டாவது பாட்டிலிருந்துதான் தொடங்குகின்றன.

உண்மையான குற்றவாளி வேறு. அளவு வாரியாக அடுக்கிப் பார்க்கும் புத்தி பிந்தித்தான் வந்தது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் காலமானவர். கோயில் வீதியில் அவர் வாசித்ததை யாரோ பதிந்து, அது கைமாறிக் கைமாறி, 90 நிமிடக் கசற்றாக என்னிடம் வந்திருந்தது. அதை வேவ் கோப்பாகவே ஏற்றியிருந்தேன். வேவ் நிமிடத்துக்கு 10 எம்பி தின்னும். மொத்தம் 900 எம்பி. நாலைந்து எம்பியாக நான் சில்லறை பொறுக்கிய காலமெல்லாம் கிட்டத்தட்டக் காற்பங்கு இடத்தில் அது சாவகாசமாகப் படுத்திருந்திருக்கிறது. 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் நிமிடத்துக்கு ஒரு எம்பிதான். செய்யலாம். பஞ்சி. கொட்டாஞ்சேனைக் கூட்டாளியிடம் ஒரு பிரதி இருக்கிற தைரியத்தில் அழித்தேன்.

அப்போதும் இடமில்லை என்றது. பிளேயர் பழுது என்று தீர்ப்புச் சொல்லி, புதுசு பார்க்க யுனிட்டி பிளாசாவுக்கு வெளிக்கிட்ட நேரம் மருமகன் மறித்தான்.

"மாமா, நீங்க அழிச்சதெல்லாம் பிளேயருக்குள்ளதான் கிடக்கு. டிராஷைக் காலியாக்கினாத்தான் இடம் வரும்."

அழித்ததைப் பிளேயரிலேயே ஒரு மறைவுக் கோப்புறையில் போட்டுவைப்பது அந்தக் கணினியின் வழக்கமாம். இத்தனை நாளும் ட்ராக் 01கள் எல்லாம் அதற்குள்தான் பத்திரமாக இருந்திருக்கின்றன. இது என் மண்டைக்குள் இறங்குவதற்கு முன்னே, "காலியாக்கு, காலியாக்கு" என்று அவனை அவசரப்படுத்தியதும் நான்தான். ஒரு ஜிபிக்கு மேல் இடம் வந்தது.

அடுத்த கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து கோல்.

"மச்சான், அந்தத் தவிலை ஒருக்கா அனுப்படா. உன்னட்ட இருக்குத்தானே எண்டு நான் அழிச்சுப்போட்டன்."

நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சரி விடு, கசற் இருக்குத்தானே?"

கசற் இருக்கிறது. அதற்கு மேல் சூரியன் எஃப்எம் பாட்டுகளைப் பதிந்து வைத்திருப்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.