குகை இல்லாத தலைவனும் ஒரு தலைவனா?

ஏற்காட்டுச் சேர்வராயன் கோயிலுக்கு வருகிறவர்கள் மழை கேட்பார்கள், பிள்ளை வரம் கேட்பார்கள். நாங்கள் நாலு பேர் போனால் மட்டும் சண்டை. அதுவும் யாருடைய தலைவனுக்கு நல்ல குகை என்ற சண்டை. ஐம்பது வயதை எட்டிப் பிடித்தவர்கள் போடுகிற சண்டையா இது என்று குரங்குகள்கூட நின்று பார்க்கின்றன.

இடமும் அப்படி. கடல் மட்டத்திலிருந்து 5,326 அடி உயரம். மலை உச்சியில் ஒரு குகை, இடுப்பை வளைத்துத்தான் நுழைய வேண்டும். உள்ளே இருட்டில் சேர்வராயனும் காவேரியம்மனும். அந்தக் குகை அப்படியே காவிரி வரைக்கும் போகிறது என்பது ஐதீகம். இப்படி ஒரு ‘செட்’டைப் பார்த்ததும் சேலத்துப் பையனுக்கு எடுத்த எடுப்பில் பக்தியா வரும்? சினிமாதான் வரும்.

அது எங்கள் குற்றமில்லை, டி.ஆர்.சுந்தரத்தின் குற்றம். லீட்ஸுக்குப் போய் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்த மனிதர், ஊரில் மில் வைப்பார் என்று பார்த்தால், 1935-ல் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸை ஆரம்பித்தார். நூறு படங்களுக்கு மேல் அங்கே தயாராகின. 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வந்தது, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். அதற்குப் பிறகு பிறந்த எந்தச் சேலத்துப் பிள்ளை குகை வாசலில் கையை நீட்டி “திறந்திடு சீசேம்” என்று கத்தாமல் இருந்திருக்கும்? நாங்களும் கத்தினோம். பூசாரியின் வாய்தான் திறந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒருவனுடைய தாத்தா எம்.ஜி.ஆர். கட்சி. அந்தப் படத்தின் கடைசிக் காட்சிகளுக்கு எம்.ஜி.ஆர். வரத் தாமதமானதால், கண்டிப்புக்குப் பேர்போன சுந்தரம் டூப்பை நிறுத்தி மிச்சத்தை முடித்துவிட்டார் என்று சேலத்தில் ஒரு கதை உலவும். தாத்தாவிடம் கேட்டால், “அந்த டூப்பும் தலைவர்தாண்டா” என்பார். அதற்கு மேல் என்ன பேசுவது?

அதே மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’ (1950) கதையும் அவர் சொல்லித்தான் தெரியும். எஸ்.ஏ.நடராஜன் மனைவியைப் பாட்டுப் பாடிக்கொண்டே மலை உச்சிக்குக் கூட்டிப் போவார், தள்ளிவிட. மாதுரி தேவி, சாவதற்கு முன் கணவனை மூன்று முறை சுற்றி வந்து கும்பிட வேண்டும் என்று கேட்டு, சுற்றுகிற சுற்றில் அவரையே தள்ளிவிடுவார். அது இங்கேதான் எடுத்தது என்று ஏற்காட்டில் பாறைக்கு ஒருவர் உரிமை கொண்டாடுகிறார். தேனிலவுக்கு வந்து பாறை விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கும் மாப்பிள்ளைகளிடம் யாராவது இந்தக் கதையைச் சொல்லி வைத்தால் தேவலை.

எங்கள் சொந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு திண்ணையில் நடந்தது. ஃபியூஸ் போன பல்பின் பின்பக்கத்தை உடைத்துக் கம்பியை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் லென்ஸ். வாசல் வெயிலைக் கண்ணாடியில் வாங்கித் திருப்ப ஒருவன். தாத்தாவின் வேட்டி, திரை. ஃபிலிம் துண்டைத் தலைகீழாகப் பிடித்தால்தான் படம் நேராக விழும். ஒருமுறை கிடைத்த துண்டில் யாரோ ஒருவரின் முதுகு மட்டும். ரஜினி முதுகா, கமல் முதுகா என்பதிலேயே அந்தக் கோடை விடுமுறை காலி.

பிறகு வந்தது 1991 தீபாவளி. நவம்பர் 5, ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாள். எங்கள் கூட்டத்து ரஜினிக்காரனும் கமல்காரனும் ஒரே தெருவில் இருந்துகொண்டு பலகாரத் தட்டைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. நான் ‘தளபதி’க்குப் போனேன், ஆனால் ஜெய்சங்கருக்காக. ஆமாம், நான் ஜெய்சங்கர் கட்சி, அப்பா வழிச் சொத்து. ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று மாடர்ன் தியேட்டர்ஸ் கொடுத்த ஜேம்ஸ் பாண்ட் அவர். என் காலத்தில் அவர் ஸ்ரீவித்யாவின் கணவராகிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெருந்தன்மையாக நின்றார். தியேட்டரில் அவருக்கு விசில் அடித்தவன் நான் ஒருவன்தான். முன் வரிசையே திரும்பிப் பார்த்தது.

‘குணா’ அப்போது சரியாகப் போகவில்லை. கமல்காரன் முப்பது வருடத்துக்கு மேல் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தான். 2024-ல் மலையாளத்திலிருந்து ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்து கொடைக்கானல் குணா குகையை மறுபடி ஊர்வாயில் போட்டதும் பிடித்தது சனி. இந்தக் கோயில் வாசலிலேயே ஆரம்பித்தான்:

“வெள்ளைக்காரன் டெவில்ஸ் கிச்சன்னு பேர் வச்ச குகை மாப்ள. ஒரே படம், பேரே மாறிப்போச்சு. உங்க ஆளுக்கு இருக்கா?”

“ஏன், எங்க தலைவர் இமயமலை பாபாஜி குகைக்கே போறவருடா. ‘பாபா’ன்னு படமே எடுத்தாரு.”

“அது ஓடலையே.”

“குணா மட்டும் ஓடுச்சா?”

இரண்டு பேரும் தோற்ற இந்த இடத்தில்தான் நான்காமவன் நுழைவான். அவன் ராணி காமிக்ஸ் கட்சி. “என் ஆள் மாயாவி குகைக்கு ஷூட்டிங் போறவன் இல்லடா, குடியிருக்கறவன். மண்டை ஓட்டுக் குகை. இருபத்தொரு தலைமுறையா ஒரே விலாசம்.” பட்டா வைத்திருப்பவன் தோரணையில் சொல்வான்.

நான் சேர்வராயன் பக்கம் சாய்ந்துவிட்டேன். அவரைக் கும்பிடும் இந்த மலையின் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர், ஆனால் கேரளாவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறியதாக அவர்களுடைய பழங்கதை சொல்கிறது. மூன்று கதாநாயகர்கள், ஏரியா பிரித்தாயிற்று, ஒருத்தர் வசூலில் இன்னொருத்தர் கை வைப்பதில்லை. விநியோகஸ்தர் சங்கத்தால்கூட முடியாத காரியம். மே மாதம் திருவிழா வந்தால் மலைக் கிராமங்கள் திரண்டு வருகின்றன. கட்-அவுட் கிடையாது, முதல் நாள் முதல் காட்சிக்கு அடிதடி கிடையாது.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரஜினிக்காரன் தலைவருடைய அடுத்த படத்துக்காகத் தேங்காய் உடைத்துவிட்டான். கமல்காரனுக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் அவன் தலைவர் பகுத்தறிவாளர், எந்த முகத்தோடு உடைப்பது? கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உடைந்த மூடியிலிருந்து ஒரு பெரிய சில்லைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

“இதுக்குப் பகுத்தறிவு ஒண்ணும் சொல்லலையா?”

“உடைக்கறதுதான்டா மூடநம்பிக்கை. திங்கறது உணவுப் பழக்கம்.”