ஒரு சாட்சியின் அபிப்பிராயம்

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களுக்கு எண்ணிட்டு, வீதிகளை நூல் பிடித்தாற்போல் அமைத்த பெரியோர்கள், அந்த நேர்மையே பிற்காலத்து வாகனமோட்டிகளின் மணிக்கட்டுக்குச் சோதனையாகுமென்று எண்ணியிருக்க மாட்டார்கள். காலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதே என்று, சுரங்கத் தொப்பியைத் தலையிலும், சாலைக்குரிய ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியின் காம்பிலும் மாட்டிக்கொண்டு பறந்த அன்பரொருவரைக் காவலர் மறித்து, “ரொம்ப ஸ்பீடா வந்தீங்க சார்” என்றார்.

அன்பரோ 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தைக் கரதலப் பாடமாகக் கொண்டவர். ஒரே சாட்சியின் அபிப்பிராயத்தை மாத்திரம் நம்பி எவரையும் அதிவேகக் குற்றவாளியெனத் தீர்க்கலாகாது, அவ்வபிப்பிராயம் யந்திரத்தின் அல்லது மின்னணுக் கருவியின் கணிப்பைச் சார்ந்திருக்க வேண்டுமென்று 183-ஆம் பிரிவு விதித்திருப்பதை நடுவீதியில் நின்று பிரசங்கித்தார். காவலர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, “சரி சார், வேகத்தை விடுங்க. ஹெல்மெட்டு?” என்றார். 129-ஆம் பிரிவுக்கு யந்திரம் எதற்கு? சாட்சிதான் காம்பிலே ஊசலாடிக்கொண்டிருந்ததே!

அபராதம் கட்டிய ஆத்திரத்தில் சட்டத்தை மேலும் புரட்டியவர், 2019-ஆம் வருஷத்துத் திருத்தமாகிய 199-ஏ பிரிவில் திகைத்து நின்றார். பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், தகப்பனாரே குற்றவாளியென அநுமானிக்கப்படுவார். தமக்குத் தெரியாமல் நடந்ததென்றோ, தடுக்கத் தக்க முயற்சி செய்தாரென்றோ நிரூபிக்கும் பாரம் அவருடையது. தவறினால் மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். பத்தாம் வகுப்பு படிக்கும் புத்திரனை அவர் ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தார். அன்றிரவே ஸ்கூட்டர் சாவி ஆணியிலிருந்து பீரோவுக்குக் குடிபெயர்ந்தது.