குலுக்கல் மாமா

வருங்காலத்தில் மனுஷனுக்கு எதையும் தேர்ந்தெடுக்கிற தொல்லையே இருக்கக் கூடாது என்பது எங்கள் தெரு மாமாவின் கொள்கை. என்ன டிபன், எந்த வேலை, யார் பக்கத்து வீடு, எல்லாமே குலுக்கலில் வர வேண்டும். "காலம்பற கதவைத் திறந்தா இன்னிக்கு என்ன நடக்கப்போறதுன்னே தெரியப்படாதுடா. அதுதான் வாழ்க்கை!" முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே மேஜையில், ஒரே மின்விசிறிக்குக் கீழே கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். ஏக்கம் இருக்கத்தானே செய்யும்?

ஆதாரம் கேட்டால் உத்திரமேரூருக்குப் போய்விடுவார். பராந்தக சோழன் காலத்திலேயே, 919-லும் 921-லும், கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்: பேர் எழுதின ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு ஆள் பிடித்தார்கள். இதைச் சொல்லும்போது தானே அந்தக் குடத்தைப் பிடித்திருந்த மாதிரி கை குலுங்கும்.

அதே கல்வெட்டில் இருக்கும் மீதியை மட்டும் சொல்ல மாட்டார். ஓலை குடத்துக்குள் விழுவதற்கே கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 921 கணக்குப்படி வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், படிப்பு வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமல்ல, அவன் உறவுக்காரர்களுக்கும் இடமில்லை. குலுக்குவதற்கு முன்பே ஊரில் முக்கால்வாசிப் பேர் கழிந்தாயிற்று. மாமாவின் குலுக்கலும் ஏறக்குறைய இந்தச் சோழர் பாணிதான்.

பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக, 60 நாள் முன்னால், முன்பதிவு திறக்கும் காலை 8 மணிக்குக் குளித்து விபூதி இட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். லோயர் பெர்த்தை விதியிடம் விடுகிற உத்தேசம் அவருக்கு இல்லை.

ஒருநாள் தாமஸ் மோர் 1516-ல் எழுதிய 'உட்டோபியா'வைக் கொண்டுவந்தார். அந்தத் தீவில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு வீடு மாற்றிக்கொள்வார்களாம். "என்ன ஒரு யோசனை!" என்று தொடையைத் தட்டினார்.

உள்ளேயிருந்து மாமியின் குரல்: "ஏன்னா, அப்போ நம்மாத்தையும் குலுக்கிடுவாளோ?"

கிழக்குப் பார்த்த வாசல். வற்றாத கிணறு. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொந்த வீடு இருக்கறவாளுக்கு விதிவிலக்கு வச்சுக்கலாம்."

போன ஞாயிற்றுக்கிழமை, தம் கொள்கையைச் செய்து காட்டுவதற்கென்றே என்னைக் காலை டிபனுக்கு அழைத்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீட்டுகள். உப்புமா அதில் கிடையாது. அதன் பெயரை எழுதவே இல்லை. அடுக்களையில் மிளகும் நெய்யும் தாளிக்கிற வாசனை. மாமா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

தோசை.

"சரியாக் குலுக்கலை" என்று திரும்பப் போட்டார். அடுத்தது இட்லி. "ஒட்டிண்டு வந்துடுத்து." மூன்றாவது தடவை பொங்கல் வந்தது, அதே நேரம் மாமியும் தட்டோடு வந்தாள்.

"பாத்தியா!" என்றார் மாமா, முகமெல்லாம் மலர. "எதிர்பார்க்கவே இல்லைடா!"