எழுதியது யார்?

கேள்வி: என் மகள் சேலத்தில் முதுகலை படிக்கிறாள். அவளே எழுதிய ஆங்கிலக் கட்டுரையை ‘ஏஐ எழுதியது’ என்று மென்பொருள் சொன்னதாம். கல்லூரியில் ஏற்க மறுக்கிறார்கள். இது நியாயமா?
– ராசிபுரம் வாசகர்

பதில்: நியாயமே இல்லை. நாமக்கல் முட்டையை விளக்கொளியில் பிடித்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். கட்டுரைக்கு அப்படியொரு விளக்கு இன்னும் வரவில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, ஏஐ எழுத்தைக் கண்டறியும் தன் மென்பொருள் சரியாக வேலை செய்யவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. செய்தவர்களுக்கே பிடிபடாதது கல்லூரி கணினிக்கு மட்டும் எப்படிப் பிடிபடும்?

அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய 7 மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேல் இயந்திரத்தின் கணக்கில் போயின. எளிய சொற்களில் எழுதியதுதான் குற்றம்! தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் வேறெப்படி எழுதுவார்கள்? கொடுமை என்னவென்றால், அதே கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடமே கொடுத்து மெருகேற்றியதும் பெரும்பாலானவை மனிதர் எழுதியவையாகத் தேறிவிட்டன. உழைத்தவர் மாட்டுகிறார், ஒப்பனை செய்தவர் தப்புகிறார்.

துறைத்தலைவரைப் போய்ப் பாருங்கள். மகளின் வரைவுகளையும் குறிப்புகளையும் காட்டி, கட்டுரையைப் பற்றிப் பத்து நிமிடம் அவளிடமே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.